வெளுக்காத வாடாமல்லி
காஞ்சிபுரத்தில் நான் தமிழ் கற்பித்த கல்லூரியின் வேதியியல் கூடத்தில் உதவியாளர் ஒருவர் இருந்தார். பட்டு நெய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர், மெலிந்தவர். எந்த நிறத்தையும் சன்னல் வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிப் பார்த்த பிறகே அதைப்பற்றிப் பேசுவார்.

மைத்துனர் சொல்கேட்டு, காப்பியைக் கைவிட்டு ஓராண்டாக மூலிகைச் சூரணம் ஒன்றைப் பருகிவந்தேன். அதனால் பயனுண்டா என்றறிய அந்த உதவியாளரிடம் கொண்டுசென்றேன். வாடாமல்லிப் பூவைப்போல ஊதா நிறமுடைய வேதிக்கரைசல் ஒன்றை மூன்று கண்ணாடிக் குழாய்களில் ஊற்றினார். பீனால் சேர்மங்கள் மிகுந்த பொருளைக் கலந்தால் அந்த ஊதா வெளுத்து மஞ்சளாகும். உடலுக்கு நலம்தரும், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆற்றல் அப்பொருளுக்கு உண்டென்பதற்கு அதுவே சான்று.

முதற்குழாயில் நெல்லிச்சாற்றை விட்டார். உடனே வெளுத்தது.

"சாயம் போயிடுச்சு சார்," என்றார், துக்கம் சொல்பவர்போல. சாயம் போகும் பட்டு அவர்கள் வீட்டில் பெரிய அவமானம்.

அடுத்ததில், தாம் குடிக்க வீட்டிலிருந்து கொண்டுவந்த காப்பியில் சிறிது விட்டார். அதுவும் வெளுத்தது. "இதுவும் நிக்கல."

மூன்றாவதில் என் சூரணம். அரைமணி நேரம் காத்திருந்தோம். குழாயைச் சன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தவரின் முகம் மலர்ந்தது.

"பாருங்க சார், வாடாமல்லி அப்படியே நிக்குது. எங்க ஊட்டு பொடவைக்கே இந்தக் கெட்டி வராது."

"அப்போ சூரணம்?"

"அதுல ஒண்ணுமே இல்ல சார். நீங்க காப்பியே குடிச்சிக்கினு இருந்திருக்கலாம்."

எஞ்சிய காப்பியை எனக்கு ஊற்றித் தந்தார். ஓராண்டுக்குப் பின் பருகினேன். வெளுத்த குழாய்களிரண்டையும் அப்போதே கழுவிக் கவிழ்த்தார். என் சூரணக் குழாயை மட்டும், வருவோர் காணும்படி, மாலைவரை சன்னலில் நிறுத்தியிருந்தார்.