ரெண்டு பத்து

தி. நகரில் வளையல் மொத்த வியாபாரம் செய்த மெஹபூப் பாஷா கடைசிவரை கம்ப்யூட்டரை நம்பியதில்லை. 1999இல் மகள் தூபா ஒவ்வொரு வளையலையும் படம்பிடித்து இணையத்தில் ஆர்டர் படிவம் அமைத்தபோது அவர் சொன்னது ஒன்றுதான்: "சிங்கப்பூர் பார்ட்டி ஆர்டர் தப்பா வந்துச்சுன்னா, அன்னைக்கே இந்த மெஷினை மூட்டை கட்டிடு."

இணையமும் போனும் ஒரே லைன்; ஆர்டர் வந்த அன்று அவர் யாரையும் போனைத் தொட விடவில்லை. திரையில் படம் மேலிருந்து மெல்ல இறங்கியது. சிவப்புக் கண்ணாடி வளையல், அளவு 2.1.

"இன்னாம்மா இது? ரெண்டு ஒண்ணுன்னு எவன் வளையல் செய்றான்?"

தூபா திரையருகே குனிந்தாள். மறுபடி பார்த்ததும் புரிந்தது. வளையலில் 'ரெண்டு பத்து', அதாவது 2.10, என்பது 'ரெண்டு எட்டு'க்கு அடுத்த பெரிய அளவு. கம்ப்யூட்டர் அதைத் தசமக் கணக்காக எடுத்துக்கொண்டு கடைசிப் பூஜ்யத்தை விழுங்கியிருந்தது.

"அது ரெண்டு பத்து அத்தா. மெஷினுக்கு அதை நம்பர்னு சொல்லிக் குடுத்தது என் தப்பு."

பாஷா நம்பவில்லை. இணைய லைனைத் துண்டிக்கச் சொல்லி, சிங்கப்பூருக்கே போன் போட்டார். "பெரிய சைஸா கேட்டீங்க?" என்றவர், நெடுநேரம் "ம்" கொட்டினார். ரிசீவரை வைத்தார்.

"மூட்டை கட்டு."

தூபாவின் முகம் வாடியது.

"மெஷினை இல்லம்மா. வளையலை."