சந்தனத்துக்குள் போன பெயர்

இரும்புத் தட்டோடு இரும்புத் தட்டு மோதும் ‘டங்’ என்ற ஓசை போதும். எந்த ஊரில் நின்றாலும் எனக்குச் சந்தனம் மணக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் அண்ணன் ஒருவர் உடற்பயிற்சிக் கூடம் நடத்தினார். உறவில்லை, தெருவே அவரை அண்ணன் என்றது. பஞ்சாலையில் கழித்துப் போட்ட பல்சக்கரங்களைத் தூக்கித் தூக்கியே தோள் திரண்டவர். மதுரையில் ஒரு பெரிய ஓட்டலை மூடியபோது அங்கிருந்த வெளிநாட்டு உடற்பயிற்சி எந்திரத்தை வாங்கி வந்துவிட்டார். கம்பிகள், கப்பிகள், கருப்புத் தட்டுகள். உச்சியில் பித்தளைத் தகடு, அதில் பெயர். எக்ஸில் தொடங்கி, நடுவே ஒரு ஜே வைத்து, அயிரை மீன் போல வாயிலிருந்து நழுவும் பெயர்.

அதை ஏற்றிவந்த லாரிக்காரர் ‘எக்ஸெல்ஜோ’ என்றார். துபாய் போய் வந்த பக்கத்துக் கடைக்காரர் ‘ஸெல்ஹோ’ என்றார். நான் கல்லூரியில் ஆங்கிலம் படித்தவன். ‘ஸெல்யோ’ என்று தீர்ப்புச் சொன்னேன். ஆதாரம் ஒன்றுமில்லை, தைரியம்தான்.

அண்ணனுக்கு இது விளையாட்டில்லை. முந்தைய வருடம் ஒரு மேடையில் அவர் இங்கிலீஷ் சொல் ஒன்றில் தடுக்கியபோது, ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடம் நடத்தும் போட்டிக்காரர் வாய்விட்டுச் சிரித்திருந்தார். அதற்குப் பிறகு அண்ணன் மைக்கைத் தொடவில்லை. எந்திரத்துக்குப் பூசை போடும் விஜயதசமியன்று அதே ஆளை முன்வரிசையில் உட்காரவைத்து, அந்தப் பெயரைப் பிசகாமல் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஒரு வாரம் தண்டால் எடுத்தபடியே பழகினார். இறங்கும்போது ‘ஸெல்’, ஏறும்போது ‘யோ’. தகட்டைப் பார்க்காவிட்டால் மட்டும் நாக்கு குழறியது.

“ஏலே, எழுத்தப் பாத்துக்கிட்டே சொல்லிருவேன். நீ கிட்டக்க நில்லு, அம்புட்டுப் போதும்.”

விஜயதசமி காலை எந்திரத்துக்குப் பொட்டு வைக்கும் வேலை எனக்கு. பொட்டு என்றால் நெற்றியில்தானே? எந்திரத்துக்கு நெற்றி அந்தத் தகடு. சந்தனத்தை அள்ளி அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன்.

சூடம் காட்டியதும் அண்ணன் மைக்கோடு திரும்பினார். தகட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துண்டை எடுத்த கை பாதியில் நின்றது. பூசைக்கு வைத்த குங்குமத்தை யார் துடைப்பார்? முன்வரிசையில் போட்டிக்காரர் மீசையை நீவிக்கொண்டிருந்தார்.

அண்ணன் செருமினார். “பேரு எனக்கு வாயில வரல. எந்திரம் நல்ல எந்திரம். சந்தேகம்னா வந்து இழுத்துப் பாருங்க.”

“பேரு தெரியாத சாமானா? இந்தா வாரேன்” என்று சிரித்தபடி போட்டிக்காரரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

பத்து இழுப்பில் அவர் சிரிப்பு நின்றது. இருபதில் சட்டை முதுகோடு ஒட்டியது. இறங்க மனமில்லாமல் இன்னும் ஐந்து இழுத்தார். நான் ஓடிப்போய்ச் சோடா உடைத்துக் கொடுத்தேன்.

பொரி கடலையை வாங்கிக்கொண்டு எல்லோரும் கலைந்தார்கள். அவர் வாசலில் செருப்பை மாட்டியபடி, தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டார்.

“நாளைக்கு எத்தன மணிக்குத் தொறப்பீக?”

“அஞ்சுக்கு” என்றார் அண்ணன். “வெறும் வயித்துல வந்துராதீக.”