இருதயம்மாள் போட்ட சைபர்கள்

பர்மாவில் தின்கன்ஜூன் வட்டாரத்தில் இருதயம்மாளைப் போல நல்ல மனசுக்காரி கிடையாது என்பார்கள். அந்த நல்ல மனசுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

தொண்ணூற்றாறில் பிள்ளைப்பேறு பற்றி ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ஷ்வேப்யிதா என்ற இடத்தில் ஒரு பேட்டையில் பிறப்பு இறப்புப் பதிவு என்று உருப்படியாக எதுவும் இல்லை. வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கேட்டு எழுதினால்தான் உண்டு. பர்மியமும் தமிழும் தெரிந்த இருதயம்மாளுக்கு நூற்றிருபது வீடு கொடுத்தார்கள்.

தாளில் எட்டாவது கேள்வி: பெற்றதில் தவறிப்போனவை எத்தனை? இதை எந்த வாயால் கேட்பது? செத்த பிள்ளையை எண்ணச் சொன்னால் பெற்ற வயிறு எரியாதா? அடுத்தவள் வாசலில் நின்று அப்படிக் கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. கண்ணுக்குத் தெரிந்த பிள்ளைகளை மட்டும் எண்ணினாள். எட்டாவது கட்டத்தில் சைபர் போட்டாள். நூற்றிருபது வீட்டுக்கும் சைபர்!

தையல் ஆலைக்குப் போகும் சைதாவின் வீட்டில் இரண்டு பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தன.

"ரெண்டுதானே தங்கச்சி?"

"இப்ப ரெண்டு, சயாமா..." டீச்சரம்மாவை அழைப்பதுபோல் மரியாதையாகச் சயாமா என்ற சைதா மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இருதயம்மாள் அதற்குள் தாளை மடித்துவிட்டாள்.

வேறு ஆதாரம் இல்லாததால் மேலே இருந்தவர்கள் அந்தத் தாள்களையே நம்பினார்கள். பேட்டையில் பிரசவம் பாதியாகக் குறைந்துவிட்டதாம், ஒரு குழந்தைகூடச் சாகவில்லையாம்! அப்புறம் மருத்துவச்சி எதற்கு? இருந்த ஒருத்தியையும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

ஐந்து வருஷம் கழித்து அதே வீடுகளுக்கு அவளை மறுபடி அனுப்பினார்கள். பேட்டைக்குள் நுழைந்ததுமே மருத்துவச்சி போன கதை காதில் விழுந்தது. தான் போட்ட சைபர்கள்தான் காரணம் என்று இருதயம்மாளுக்குப் புரிந்தது. சைதாவிடம் முதல் வேலையாக எட்டாவது கேள்வியைக் கேட்டாள்.

"நாலு, சயாமா. மூணு நீங்க முன்னே வர்றதுக்கு முந்தியே போயிருச்சு. கடைசிப் பய போன மழையிலே. வெளியூர்ல இருந்து மருத்துவச்சியைக் கூட்டியார்றதுக்குள்ளே..."

"மூணைப் பத்தி அன்னைக்கே ஏம்மா சொல்லலே?"

"நீங்க கேக்கலியே. யாருதான் கேட்டாங்க? அதுங்க பேரைச் சொல்லணும்னு எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? பேரையும் எழுதிக்கிறீங்களா?"

தாளில் பேருக்கு இடமில்லை. சைதா சொல்லச் சொல்ல இருதயம்மாள் ஓரத்தில் எழுதினாள். மூன்று பேர் எழுதியாயிற்று. நாலாவதில் கை நின்றுவிட்டது. பாவி, அந்தப் பிள்ளைக்கு மருத்துவச்சி இல்லாமல் செய்தது நான்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

அது தெரியாத சைதா, அவளுக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கிட்டே குனிந்து நாலாவது பேரை மறுபடி நிதானமாக எடுத்துக்கொடுத்தாள்.

"இனாயத்துல்லா, சயாமா. எழுதுங்க."