மூன்றாம் மாடித் தாளம்

சலவை இயந்திரத்தின் தலைமேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார் மெக்கானிக். ஏதோ ஆசி வழங்குகிறார் என்று வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். "பேரிங் போயிடுச்சும்மா. ஆனா என்ன அழகா ஆடுது பாருங்க, அஞ்சும் ரெண்டும் ஏழு!" என்பார். ரிப்பேருக்கு வந்த இடத்தில் கணக்குப் பாடம்! அந்த ஓசையைக் கைபேசியில் பிடித்துக்கொண்ட பிறகுதான் ஸ்பானரைக் கையில் எடுப்பார்.

வார நாட்களில் சலவை இயந்திரம், ஞாயிற்றுக்கிழமைகளில் டிரம்ஸ். நண்பர் ஒருவரின் கார் ஷெட்டில் கூடும் நால்வர் குழு. ராக் இசை என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். கிட்டாரை ஸ்க்ரூடிரைவரால் தேய்ப்பார்கள், இரும்பு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அடிப்பார்கள், மறந்தும் பாடிவிட மாட்டார்கள். "வாயத் தொறந்தா பொய்தான் வருது. அதான் பாட்டே வேணாம்னுட்டோம்," என்று மெக்கானிக் பெருமையடித்துக்கொள்வதுண்டு.

பதினோரு வருடம் இப்படிக் கூத்தடித்த பிறகு இந்த ஆண்டுதான் முதல் ஆல்பம் வந்தது. மொத்தம் எட்டு உருப்படி, மருந்துக்கும் ஒரு சொல் கிடையாது. அதில் ஐந்தாவதான 'மூன்றாம் மாடி' எல்லோரையும் பிடித்துக்கொண்டது. இழுத்து, நின்று, இரண்டு அடி விரைந்து, மறுபடியும் இழுக்கிற ஒரு நடை அது. கேட்கிறவர் கால் சும்மா இருக்காது.

அந்த நடை மெக்கானிக்கின் அக்காவுடையது. சின்ன வயதிலேயே இடது கால் குட்டையாகிப் போனவர். அடி தடித்த செருப்பைப் போட்டுக்கொண்டு, பள்ளி அலுவலகத்தில் வேலை முடிந்ததும் கைப்பிடியைப் பிடித்து மூன்று மாடி ஏறி வருவார். லிஃப்ட் இல்லாத கட்டடம். அக்காவும் தம்பியுமாக அங்கேதான் குடியிருக்கிறார்கள். ஒரு மாலை மெக்கானிக் கதவுக்குப் பின்னால் நின்று, கைபேசியை நீட்டி, அந்தக் காலடிகளை ஒன்று விடாமல் பதிவு செய்தார். இறங்கிப் போய் அக்கா கையிலிருந்த பையை வாங்கியிருக்கலாம். தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், தாளம் கெட்டுவிடுமே என்று அங்கேயேதான் நின்றிருப்பார். அதை நினைத்தால் இப்போது அவருக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

"எங்கய்யா புடிச்ச இத?" என்று கிட்டார்காரர் கேட்டபோது உண்மை சொல்ல நாக்கு எழவில்லை. "ஒரு ஓட்ட மெஷினு. கால் ஒண்ணு தேஞ்சு கெடந்துச்சு," என்று சொல்லிவைத்தார். அக்காவை நாலு பேர் வாயில் போடக் கூடாது என்று சொன்ன பொய். பேட்டிக்கு வந்த பத்திரிகைக்காரரிடமும் அதையே சொன்னார். அது அச்சிலும் ஏறிவிட்டது.

போன ஞாயிறு மதியம், அந்தப் பத்திரிகையைப் படித்து முடித்து மடியில் வைத்துக்கொண்டு, அக்கா ஆல்பத்தைக் கேட்க உட்கார்ந்தார். முகமெல்லாம் பெருமை. ஐந்தாவது தொடங்கியதும் தலையாட்டல் நின்றுபோனது. கடைசிவரை அசையாமல் கேட்டார்.

"நல்லாத்தாண்டா வாசிச்சிருக்க," என்றார். "ரெண்டாவது மாடித் திருப்பத்துல மூச்சு வாங்க நிப்பேன். அதக்கூட விடல நீ."

"அக்கா, நான் வந்து..."

"எங்க அக்கா நடைன்னு சொல்லியிருந்தா நானே ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சிருப்பேன். ஓட்ட மெஷினுன்னுட்டியேடா."

மெக்கானிக் கூனிக்குறுகிப் போனார். அக்கா கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பத்திரிகைக்குத் திருத்தம் எழுதிப் போடுவதாகச் சொன்னார்.

"என்னன்னு எழுதுவ? அது மெஷின் இல்ல, எங்க அக்கான்னா? விடுடா, வேணாம்."

கோபதாபம் அதோடு சரி. பேச்சும் சிரிப்பும் வழக்கம்போலத்தான் நடக்கிறது. ஆனால் அன்றிலிருந்து தம்பி காதுபட அக்கா நடப்பதில்லை. தம்பி வீட்டில் இருக்கும்வரை நாற்காலியை விட்டு எழுவதே கிடையாது. இன்று காலையும் அப்படித்தான், பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, கைப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நீ கெளம்பு முதல்ல. நான் பின்னாடி வர்றேன்."

மெக்கானிக் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, கட்டட வாசலில் வந்து நின்றார். மேலே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பையைத் தொப்பென்று கீழே போட்டுவிட்டு, இரண்டு காதையும் கையால் இறுகப் பொத்திக்கொண்டார்.