கிராஞ்சி லயத்தில் நான் குடிக்காத டீ

எனக்கு இப்போது எழுபது நடக்கிறது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. மற்ற இரண்டும் என் தங்கை விட்டுவிட்டுப் போன பிள்ளைகள். ஏழு பேரும் படித்து, வேலைக்குப் போய், அவரவர் வீட்டில் நன்றாக இருக்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. போகட்டும், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

எழுத உட்கார்ந்தது கிராஞ்சியை விட்டுக் கிளம்பிய கதையை. பிரிவு என்றால் எல்லாரும் அழுகையைத்தான் சொல்வார்கள். நான் அங்கிருந்து கிளம்பிய அன்று என் மனசு சுமையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அது ஏன் என்று என் பிள்ளைகளுக்குக்கூட நான் சரியாகச் சொன்னதில்லை.

சப்பான்காரன் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். கடைசிப் பிள்ளைக்கும் கலியாணம் முடிந்திருந்தது. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்து, புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டியே முப்பது வருஷம் ஓட்டி, ஓய்வு பெற்றிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் போதகர் ஐயர் ஒரு காரியம் சொன்னார். பிள்ளைகளை வளர்த்து முடித்த தம்பதி யாராவது டவுனை விட்டுத் தள்ளிக் கிராஞ்சிப் பக்கம் ரப்பர் பால்மரத் தோட்டத்தில் இரண்டு வருஷம் தங்கி ஊழியம் செய்ய வர முடியுமா என்று கேட்டார். ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த இவர் கையைத் தூக்கிவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "கையத் தூக்குறதுக்கு முன்னாடி என்னைக் கேக்கணும்னு தோணலையா?"

"நீ பொம்பளைங்க பக்கம் இருந்தே. எட்டல" என்றார்.

அப்படித்தான் சிராங்கூன் ரோட்டையும், கையெட்டும் தூரத்தில் இருந்த தேக்கா மார்க்கெட்டையும், வீட்டுக்குள் குழாய்த் தண்ணீரையும் விட்டுவிட்டு, அறுபது வயதை நெருங்கும்போது கிணற்றடிக்குப் போனேன். பலகைச் சுவர், தகரக் கூரை. மத்தியானம் உள்ளே இருக்க முடியாது, மழை வந்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. காலில் அட்டை ஏறும். இவர் காலையில் புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் மருந்து கொடுப்பார். நான் பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் எழுத்துச் சொல்லிக் கொடுப்பேன், பிள்ளை பெற்றவர்களுக்குப் பக்கத்தில் போய் இருப்பேன். சாயந்தரம் ஜெபக் கூட்டம். எட்டுக் குடும்பம் வரும்.

எங்கள் வீட்டிலிருந்து, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு நடந்தால் முதலில் வருவது ஒரு பால்வெட்டுக்காரியின் வீடு. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். விடியுமுன் பால் வெட்டப் போய் மத்தியானம் திரும்புவாள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் கையில் ரப்பர் பாலின் வாடை போகாது. எங்கள் கூட்டத்துக்கு அவள் ஒருநாளும் வந்ததில்லை, முருகனைக் கும்பிடுகிறவள். ஆனால் கூட்டம் முடிந்ததும் வந்து பாயைச் சுருட்டி வைப்பாள். கிணற்றில் வாளி இறக்கக் கற்றுக் கொடுத்தவள் அவள். அட்டைக்குச் சவுக்காரம் தேய்க்கச் சொன்னதும் அவள்தான். அந்த இரண்டு வருஷத்தில் எனக்குத் தோழி என்று இருந்தது அவள் ஒருத்திதான்.

ஆனால் ஒரு குறை என் மனசில் இருந்தது. தோழி என்று சொல்கிறேனே, அவள் வீட்டில் எனக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்ததில்லை.

நாங்கள் போன முதல் வாரத்தில் மட்டும் கொடுத்தாள். ஒவ்வொரு வீடாகப் போய் நலம் விசாரித்துக்கொண்டு வந்தேன். அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்ததும், டின் பால் ஊற்றிய டீயை ஒரு பித்தளை டம்ளரில் கொண்டுவந்து வைத்தாள். அது நாங்கள் நோன்பு இருக்கிற லெந்து காலத்து வெள்ளிக்கிழமை. எனக்கு உபவாசம், பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. உபவாசம் இருப்பதை வெளியில் காட்டிக்கொள்ளக்கூடாது என்று என்னைச் சின்ன வயதிலேயே பழக்கியிருந்தார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, மற்ற நாள் மாதிரியே நடமாட வேண்டும். அதனால், "வேணாம்மா" என்று மட்டும் சொல்லி டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு கொடுக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. எனக்குக் கடுங்காய்ச்சல் வந்த மூன்று நாளும் அவள் என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கஞ்சி வைத்துக் கொண்டுவந்தது மட்டும், தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் கங்காணியின் சம்சாரம். என் வீட்டில் டீ கொடுத்தால் என் தோழி குடிப்பாள். குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போவாள். எவ்வளவு சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன். வேறு எதையும் நினைக்க எனக்குத் தோன்றவில்லை, அல்லது தோன்ற விடவில்லை.

இரண்டு வருஷம் முடிந்தது. சனிக்கிழமை காலையில் லாரி வருவதாக ஏற்பாடு. அந்தக் கடைசி வாரம் ஒவ்வொரு வீட்டிலும் விருந்து. கோழி, இறைச்சி, பாயசம் என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். இவருக்கு ஒரு குடையும் எனக்கு ஒரு சேலையும் கொடுத்தார்கள். போதகர் ஐயர் வந்து எங்களை வைத்துக்கொண்டே எங்களைப் பற்றி நெடுநேரம் பேசினார். கழுத்தில் மாலையோடு அதைக் கேட்டுக்கொண்டிருப்பது ஒரு தண்டனை.

எல்லா வீட்டிலும் கூப்பிட்டார்கள், அவளைத் தவிர. பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக் கொடுத்தாள், படுக்கையைச் சுருட்டிக் கொடுத்தாள், "ஒரு வாய் சாப்பிட வாங்க" என்று மட்டும் சொல்லவில்லை. எனக்கு ரோஷமாக இருந்தது. இவரிடம் சொன்னேன்.

"நீயே போய்க் கேளேன்" என்றார்.

"நான் கேக்கிறதா? நல்லாருக்கு."

வியாழக்கிழமை மத்தியானம் கங்காணி வீட்டில் விருந்து. எங்கள் கூட்டத்துக்கு முதலில் வந்து முன்னால் உட்காருகிற குடும்பம் அது. கங்காணியம்மாள் பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் ரெண்டு துண்டு வச்சுக்குங்க டிரஸ்ஸரம்மா. எல்லா வீட்டுலயும் சாப்பிட்டு முடிச்சிட்டீங்கல்ல?"

"ஒரு வீடு பாக்கி" என்றேன். "முதல் வீடு. அவ கூப்பிடல."

கங்காணியம்மாள் சிரித்தாள். "அவ எப்பிடிம்மா கூப்பிடுவா? அவ வீட்டுல நீங்க கை நனைக்க மாட்டீங்கன்னு லயத்துக்கே தெரியும்லா."

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? வந்த வாரமே அவ குடுத்த டீயைத் தொடாம தள்ளி வச்சீங்களே. அதே நாள் சாயந்தரம் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. நாங்ககூடப் பேசிக்கிட்டோம், வேதக்காரங்கன்னாலும் நல்ல வளர்ப்பு, எந்த வீட்டுல எப்பிடி இருக்கணும்னு தெரிஞ்சவங்கன்னு."

அவள் என்னைப் பாராட்டித்தான் சொன்னாள். நான் இலையை மூடிவிட்டேன். "அதுக்குள்ளயா?" என்றாள். வயிறு நிறைந்துவிட்டது என்றேன். "அன்னிக்கு எனக்கு உபவாசம்" என்றும் சொன்னேன். அவள் நம்பினாளோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். இரண்டு வருஷமாக ஒருத்தி என் வாசலுக்கு வந்து, என் பாயைச் சுருட்டி, என் காலைப் பிடித்துவிட்டு, என் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறாள். அத்தனை நாளும் மனசுக்குள் இதை வைத்துக்கொண்டு. நான் லாரியில் ஏறிவிட்டால் அவள் சாகும்வரை அதுவே நிலைத்துவிடும். ஊழியம், ஊழியம் என்று நாங்கள் செய்ததெல்லாம் அந்த ஒரு டம்ளருக்குப் பதில் ஆகாது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு உபவாசம் இல்லாமல் இருந்திருந்தால் நான் அந்த டீயைக் குடித்திருப்பேனா? குடித்திருப்பேன் என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டேன். எந்த வீட்டில் உட்காரலாம், எந்த வீட்டில் கூடாது என்று என் அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம்தான், ஆனாலும் சொல்லிக் கொடுத்தாள். அன்று அந்த டம்ளரை நகர்த்தியபோது நல்லவேளை உபவாசம் என்று ஒரு நினைப்பு ஓடியதோ என்னவோ. இல்லை என்று சத்தியம் பண்ண முடியவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. லெந்து காலம் இல்லை. அவள் வேலை முடிந்து குளித்துவிட்டு வரும் நேரம் பார்த்து, நடந்து போய் அவள் வாசலில் உட்கார்ந்தேன். துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, சாமானெல்லாம் கட்டியாச்சா?"

"ஆச்சு. டீ போடு, குடிக்கிறேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு துணியை உதறிப் போட்டாள். அப்புறம் இன்னொன்று.

"பால் இல்லக்கா."

"பால் இல்லாமப் போடு."

"ரெண்டு வருஷமா வராத தாகம் இன்னிக்கு எங்கேருந்துக்கா வந்துச்சு?"

அந்தக் கேள்விக்கு நான் தகுதியானவள்தான். அதனால் கோபம் வரவில்லை. வாழ்க்கையில் எனக்குக் கோபம் வராத இடங்கள் குறைவு. உபவாசத்தைப் பற்றிச் சொன்னேன், வெளியில் காட்டக்கூடாது என்கிற வழக்கத்தையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கே அது சின்னப்பிள்ளை சொல்கிற சாக்கு மாதிரி கேட்டது. அவள் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று கேட்டாள்.

"நீங்க பட்டினின்னு உங்க சாமிக்குத் தெரியும். எனக்குத் தெரியாதேக்கா."

"தெரியாது. தப்புத்தான்."

"சரி, அதுக்கு மறுநாள் குடிச்சிருக்கலாம்ல?"

"நீ குடுக்கல."

"நீங்க கேக்கல."

பிறகு அவள்தான் முதலில் சிரித்தாள். நல்ல சிரிப்பு என்று சொல்ல முடியாது, பாதிதான். "இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் விறகைத் தள்ளும் சத்தம் கேட்டது. டீயோடு ஒரு தட்டும் வந்தது. தட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, ஓரத்தில் நெத்திலிச் சம்பல்.

மரவள்ளிக்கிழங்கைக் கண்டதும் என் கை பின்வாங்கியது. சப்பான்காரன் காலத்தில் மூன்றரை வருஷம் ஏழு பிள்ளைகளுக்கும் அதையே அவித்து, அதையே அரைத்து, அதையே ரொட்டி தட்டிப் போட்டவள் நான். அவன் போன அன்றைக்கு, இனி இது என் வாயில் படாது என்று சொல்லி, மிச்சமிருந்ததைச் சாக்கடையில் கொட்டினேன். சொன்ன சொல்லைக் காத்தும் வந்தேன். இப்போது அவள் என் கையைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன்.

"ஏன்க்கா மூஞ்சி அப்பிடிப் போகுது?"

இந்தத் தடவை மறைக்கவில்லை. "சப்பான்காரன் காலத்துல தின்னது. அதுக்கப்புறம் தொட்டதில்ல. எனக்கு ஆகவே ஆகாது."

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் முழுசாகச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை. "இதையாச்சும் வாய் தொறந்து சொன்னீங்களே. குடுங்க, எடுத்துட்டுப் போறேன்."

"எடுக்காத, வை" என்று தட்டை இழுத்துக்கொண்டேன். சம்பல் நல்ல காரம். அதைத் தொட்டுக்கொண்டு மூன்று துண்டு சாப்பிட்டேன். இறங்கிவிட்டது. டீயில் டின் பால் தாராளமாக இருந்தது.

"பால் இல்லேன்னியே?"

"கேக்கிறவங்களப் பொறுத்து வரும்க்கா."

டம்ளரைக் கழுவ எழுந்தேன். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "எங்க வீட்டுல வந்தவங்க கழுவக்கூடாது."

"அப்போ எங்க வீட்டுலயும் நீ கழுவக்கூடாது."

"நாளைக்குக் காலையிலதான் போறீங்களே."

"அந்தக் காலையில கழுவாத."

சனிக்கிழமை விடிந்ததும் வந்தாள். அன்று பால் வெட்டப் போகவில்லை. டம்ளர்களெல்லாம் சாக்குக்குள் கட்டியாகிவிட்டது. இவர் முணுமுணுக்க முணுமுணுக்கக் கயிற்றை அவிழ்த்து ஒன்றை வெளியே எடுத்தேன். டீ போட்டுக் கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்தாள், சூடு பொறுக்காமல் ஊதி ஊதி. குடித்து முடித்து டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள். பழக்கம். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே அதைத் தரையில் வைத்துவிட்டுப் போய், லாரியில் சாமான் ஏற்றக் கை கொடுத்தாள்.

அந்த டம்ளரை நான் கழுவினேன். கிராஞ்சியில் நான் செய்த கடைசி வேலை அதுதான்.

லாரி கிளம்பியபோது கங்காணியம்மாள் அழுதாள், பிள்ளைகள் அழுதார்கள், இவரும் புதுக்குடையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அவள் அழவில்லை, நானும் அழவில்லை. "வர்றேன்" என்றேன், "வாங்க" என்றாள். புக்கிட் தீமா ரோட்டில் காற்று முகத்தில் அடித்தது. இவர் தோளில் சாய்ந்து அப்படி ஒரு தூக்கம் தூங்கினேன். தேக்கா வந்த பிறகுதான் எழுப்பினார்.

மறுவருஷம் தைப்பூசத்துக்கு, டவுனில் இருக்கும் முருகன் கோயிலுக்காக டோபி காட் வரை வந்தவள் வழி கேட்டுக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். டீ குடித்துவிட்டு டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். என் மருமகளுக்குக் கொஞ்சம் வருத்தம், வந்தவள் எடுத்துக் கழுவியிருக்கலாமே என்று. நான் விளக்கம் சொல்லவில்லை.

பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாட்டி, ஒரு எடத்துல எழுதிட்டு அடிச்சிருக்கீங்களே, அத விட்டுட்டுப் படிக்கவா?" என்கிறாள்.

விடாதம்மா. உட்கார்ந்து, முதலிலிருந்து மெதுவாக வாசித்துக் காட்டு. அடித்த இடம் வந்தால், அடித்ததையும் சேர்த்து வாசி.