தொட்டியைச் சுற்றிய உப்பு

பத்தாவதோடு நின்றவள் நான். மளிகைச் சீட்டுக்கு மேல் எழுதிப் பழக்கமில்லாதவள், ஒரு சின்ன மீனைப் பற்றியும் என் நாத்தனாரைப் பற்றியும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தேனியில் நர்ஸ் வேலை பார்த்த நாத்தனார், ஒருநாள் பாலித்தீன் பையில் அந்த மீனைத் தண்ணீரோடு மடியில் வைத்துக்கொண்டு கம்பம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கடையில் ‘டேங்க் கிளீனர்’ என்று சொல்லிக் கொடுத்தார்களாம். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “ஆத்தா, இது முழ நீளம் வளரும். வைகை அணையில வலையைக் கிழிக்கிறது இதுதான். திருப்பிக் குடுத்துட்டு வா.”

அவள் என்னைக் கைபிடித்துத் தரையில் உட்காரவைத்தாள். “மதினி, இங்கன பாருங்க. அண்ணன் சொல்றது கண்ணாடியில வாயை வச்சு ஒட்டிக்கிட்டே கிடக்கும். இவனுக்கு ஒட்டுற வாயே இல்ல. மீசையைப் பாருங்க, அண்ணன் மீசையை விட அழகு. விலாவுல ரெண்டே வரிசை ஓடு, மேல ஒன்னு கீழ ஒன்னு. இது கோரிங்கிற சாதி. உங்க கட்டைவிரலுக்கு மேல வளராது.”

பார்த்தேன். கூரையில் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தது. வாக்கப்பட்டு வந்த இத்தனை வருடத்தில், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒன்றைக் காட்டியவள் அவள் மட்டும்தான்.

பிறகு அவள் குவைத்துக்கு வேலைக்குப் போனாள். ஞாயிறுதோறும் வீடியோவில் வந்து, “எங்க நம்ம ஆளு?” என்பாள். மீசையால் மணலைக் கிளறும் மீனைக் காட்டுவேன். அப்படியே அரைமணி நேரம் பேச்சு ஓடும். எனக்குப் பேச்சை ஆரம்பிக்கத் தெரியாது. மீன்தான் ஆரம்பித்துக் கொடுத்தது. இப்போது கல்யாணமாகி, பிள்ளையோடு அங்கேயே இருக்கிறாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேசுகிறாள். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளிலும் என் கை போனைத் தேடத்தான் செய்கிறது.

அவள் குவைத்துக்குப் போன மறுவருடம், ஒரு செவ்வாய்க்கிழமை மீன் விர்ரென்று மேலே போய் வாயைத் திறந்துவிட்டு இறங்கியது. திரும்பத் திரும்ப அதையே செய்தது. முந்தின நாள்தான் எதிர்வீட்டு அக்கா “எம்புட்டு அழகு” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கண்பட்டுவிட்டது என்று கல்லுப்பை அள்ளித் தொட்டியை மூன்று சுற்றுச் சுற்றினேன். சுற்றிய உப்பைத் தனியாகத் தண்ணீரில் கரைப்பதுதான் வழக்கம். மீனுக்கு உப்பு மருந்தாமே என்று தொட்டியிலேயே போட்டுவிட்டேன். வியாழன் காலையில் அது மணலில் சாய்ந்து கிடந்தது. மேலே வந்து காற்றுக் குடிப்பது அந்த மீனின் குணம் என்பதும், அதற்கு உப்பு ஆகாது என்பதும் பிறகுதான் தெரிந்தது.

மீன் இல்லையென்றால் அவள் எதற்குக் கூப்பிடப்போகிறாள்? சனிக்கிழமை தேனிக்கு பஸ் ஏறினேன். கடையில் கேட்கக் கூச்சம். அதே அளவில், உடம்பில் ஓட்டோடு இருந்த ஒன்றை விரலால் காட்டி வாங்கி வந்தேன்.

ஞாயிறு போன் வந்தது. தொட்டிக்கு நேரே பிடித்தேன். புது மீன் நீந்தி வந்து, சரியாகப் போனுக்கு முன்னால் கண்ணாடியில் வாயை வைத்து ஒட்டிக்கொண்டது.

“மதினி, நம்ம ஆளு ஒட்ட மாட்டானே.”

எல்லாவற்றையும் சொன்னேன். “நீ கூப்பிடாம இருந்துருவியோன்னுதான்...” என்றேன்.

“மீனுக்குத் திருஷ்டி சுத்துனீகளா!” என்று சிரித்தாள். சிரித்தபடியே மூக்கை உறிஞ்சினாள். “இதைக் கொண்டுபோய் வாய்க்கால்ல விட்டுறாதீக மதினி. கடையிலயே குடுத்துருங்க.” அங்கே யாரோ டியூட்டிக்குக் கூப்பிட்டார்கள். போன் கட்டாகிவிட்டது.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் போய் மீனைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் அவள் கூப்பிட்டு, என்ன குழம்பு வைத்தேன் என்று கேட்டாள்.