மைக்செட்டுக்காரர் நீட்டிய ஒயர்

எழுபதுகளில் அந்தத் தலைவர் பேச வந்தால் மாமல்லபுரமே இரண்டாகிவிடும். பாதிப் பேருக்கு அவர் தெய்வம், மீதிப் பேருக்குக் கோமாளி. நான் கோமாளிக் கட்சி. மைக்செட்டுக்காரர் மட்டும் எந்தப் பக்கமும் இல்லை. ஒல்லி உடம்பு, காதில் செருகிய பீடி. மைக்கைத் தட்டி "ஹலோ, ஒன், டூ, த்ரீ" சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பார்.

ஒருநாள் மேடைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்தபடி அவரிடம் கேட்டேன்: "அந்த ஆளை யாருக்குத்தான் பிடிக்குது?"

"புடிச்சவன்லாம் மெதுவாத்தான் வரான், அண்ணாத்த. திட்றவன்தான் நான் ஒயரு இழுக்கறப்பவே வந்து முன்னால குந்திக்கிறான்."

விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் ஒயர்ச் சுருளை என்னிடம் நீட்டினார்.

"சும்மாதான குந்திகினு கீற? இத்த கொஞ்சம் புடி."

பிடித்தேன். அன்று அந்தக் கோமாளியின் குரல் ஊரெல்லாம் கேட்டதில் எனக்கும் பங்குண்டு.